பரணில் கிடந்த விலங்கு

(பட்டிமன்றத் தலைப்பு: ‘ஒரு சமுதாயம் முன்னேறப் பெரிதும் துணைசெய்வது பழைய காயங்களை மறப்பதா? நினைப்பதா?’ ‘நினைப்பதே’ என்னும் அணியில் ஆற்றிய உரை.)

   

எனக்கு முன்னால் பேசிய அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. ‘மறப்போம், மன்னிப்போம். என் வீட்டுக்காரர் செஞ்சதையெல்லாம் நான் மறந்ததாலதான் எங்க குடும்பம் ஓடுது’ன்னாங்க. நீங்களும் கைதட்டினீங்க. அதுக்கு அப்புறம் என்ன செஞ்சாங்க? தலைதீபாவளிக்கு அவர் எடுத்துக் கொடுத்த புடவை சாயம் போனது, தங்கச்சி கல்யாணத்துக்கு அவர் முகூர்த்தம் முடிஞ்சு வந்தது, நாத்தனார் காதுகுத்துல அவங்க அம்மாவுக்குக் காப்பி வராதது, எல்லாத்தையும் வரிசையாச் சொன்னாங்க. அம்மா, இது மறந்தவங்க பேசற பேச்சா? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, மன்னிப்பு பெரிய குணம். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் ஒருவனை மன்னிக்க வேண்டும் என்றால், அவன் என்ன செய்தான் என்பது முதலில் தெரிய வேண்டாமா? நடந்ததே தெரியாமல் ‘மன்னிச்சுட்டேன்’னு சொன்னால் அதற்குப் பெயர் மன்னிப்பா?

நான் இன்றைக்கு உங்களை ஒரு கண்காட்சிக்கு அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்கே ஒரு நிமிஷம் போய்விட்டு வந்துவிடலாம்.

நம்ம வீடுகளில் கூடத்தில் ஒரு ஷோகேஸ் இருக்கும். அதில் என்ன இருக்கும்? பையன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கின கப், கண்ணாடி தாஜ்மஹால், மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொம்மை, ஒரு தடவைகூட டீ ஊற்றாத ஆறு டீ கப். (சிரிப்பு) வந்தவர்கள் பார்க்கிறதுக்காக வைத்தது அது. அதே வீட்டில் மேலே ஒரு பரண் இருக்கும். அங்கே ஓட்டை அண்டா, கால் உடைந்த தொட்டில், அடகுக்கடைக்காரர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டு, யாருமே பேசாத ஒரு சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி. இந்த வீட்டின் கதை எங்கே இருக்கிறது? ஷோகேஸில் இருப்பது நாம் சொல்ல விரும்புகிற கதை. சொல்ல விரும்பாத கதையைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். தூக்கிப் போடவும் மனசு வராது, கீழே இறக்கவும் மனசு வராது.

ஒரு நாட்டுக்கும் இப்படி ஷோகேஸ் உண்டு. அதற்குப் பெயர் அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்கும் பரண் உண்டு. நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி உள்ளே கிடங்கில் பூட்டிக் கிடக்கும்.

அமெரிக்காவில் மேரிலேண்ட் என்று ஒரு மாநிலம். அதில் பால்டிமோர் ஒரு பெரிய துறைமுக நகரம். அங்கே 1844-ஆம் ஆண்டிலேயே ஒரு வரலாற்றுக் கழகம் தொடங்கினார்கள். மேரிலேண்ட் வரலாற்றுக் கழகம் என்று பெயர். 2020-இல் அந்தப் பெயரை மாற்றி, வரலாறு பண்பாட்டு மையம் என்று வைத்துக்கொண்டார்கள். பெரிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள், ஓவியங்கள், நாற்காலிகள், சிலைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன.

அதே பால்டிமோரில் தனக்கென்று சொந்தக் கட்டடம்கூட இல்லாத ஒரு சின்னக் கலை அமைப்பு இருந்தது. அவர்கள் ஃபிரெட் வில்சன் என்கிற கலைஞரைக் கூப்பிட்டார்கள். 1954-இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பினக் கலைஞர் அவர். ‘எந்த அருங்காட்சியகத்தில் வேலை செய்யப் பிரியப்படுகிறீர்கள்?’ என்று கேட்டார்கள். அவர் இந்த வரலாற்றுக் கழகத்தைத்தான் காட்டினார். அங்கே அவர் வரைந்தாரா? இல்லை. சிலை செதுக்கினாரா? அதுவும் இல்லை. ‘உங்க பரணைத் திறந்து காட்டுங்க’ன்னார். (கைதட்டல்)

அவர்களும் திறந்தார்கள். அதற்கு அந்தக் கழகத்தையும் பாராட்ட வேண்டும். வந்த விருந்தாளி பரணைப் பார்க்கணும்னு சொன்னால் நம்ம வீட்டில் விடுவோமா? அவர் கிடங்கு கிடங்காகப் போனார், பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார், அங்கே வேலை செய்தவர்களோடு உட்கார்ந்து பேசினார். 1992 ஏப்ரலில் கண்காட்சி திறந்தது. 1993 பிப்ரவரி வரைக்கும் நடந்தது. ‘மைனிங் தி மியூசியம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்.

நான் தமிழ் வாத்தியார், சொல் கிடைத்தால் விடமாட்டேன். அந்த ‘மைன்’ என்கிற ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று பொருள். சுரங்கம் தோண்டுவது ஒன்று. வெடிக்கிற கண்ணிவெடி இன்னொன்று. ‘என்னுடையது’ என்பது மூன்றாவது. அருங்காட்சியகத்தைத் தோண்டுகிறேன், அதில் வெடி வைக்கிறேன், அது எனக்கும் சொந்தம் என்கிறேன். மூன்றையும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார் மனுஷன். நம்ம சிலேடைப் புலவர்கள் இருந்திருந்தால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்கள்.

இந்த வில்சன் யாரு தெரியுமா? கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை பார்த்தவர். காவலாளியின் நிலைமை என்ன? நாள் முழுக்க அத்தனை பேர் கண்முன்னால் நிற்பார், ஒருத்தர் கண்ணிலும் படமாட்டார். 1991-இல் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில் அவர் ஒரு வேலை செய்தார். அங்கே வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளைச் சந்தித்துப் பேசினார். ‘இன்ன இடத்துக்கு வாருங்கள், நான் உங்களுக்குச் சுற்றிக்காட்டுகிறேன்’ என்றார். போய்க் காவலாளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் வந்து நின்றார். அவர்கள் வந்தார்கள். ‘எங்கே வில்சனைக் காணோம்?’னு தேடினார்கள். அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துப் பேசின அதே ஆள்தான். சட்டை மாறியது, ஆள் மறைந்துபோய்விட்டார்! (கைதட்டல்)

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். வீட்டுக்கு சிலிண்டர் கொண்டுவருபவர் முகம் நமக்கு ஞாபகம் இருக்கிறதா? கண் பார்க்கிறது, மனசு பதிந்துகொள்ள மறுக்கிறது. எதிரணி சொல்கிற மறதியில் பாதி இப்படித்தான் பிறக்கிறது. முதலில் பார்க்காமல் இருக்கிறோம், அப்புறம் ‘மறந்துட்டோம்’னு சொல்லிக்கொள்கிறோம்.

சரி, கண்காட்சிக்குள் போவோம். வாசலிலேயே ஒரு கோப்பை. உலக உருண்டை மாதிரி இருக்கும். ‘உண்மை’ என்று பெரிசா எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் விளம்பரத் துறையில் உண்மை பேசியதற்காகக் கொடுத்த கோப்பை! விளம்பரத்தில் உண்மைக்குப் பரிசு என்றால் அது அருங்காட்சியகத்தில்தான் இருக்க வேண்டும். (சிரிப்பு)

அந்தக் கோப்பைக்கு ஒரு பக்கம் மூன்று வெள்ளைப் பீடங்கள், மேலே மூன்று சிலைகள். ஒன்று பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன். இன்னொன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன். மூன்றாவது ஹென்றி கிளே என்கிற பெரிய அரசியல் தலைவர். இந்த மூன்று பேரில் ஒருவர்கூட மேரிலேண்டுக்காரர் கிடையாது. நெப்போலியனுக்கும் பால்டிமோருக்கும் உறவு என்று பார்த்தால், அவர் தம்பி ஜெரோம் 1803-இல் பால்டிமோர்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அந்தக் கல்யாணத்தை நெப்போலியன் ஒப்புக்கொள்ளவே இல்லை. நம்ம பொண்ணை ஏத்துக்காத சம்பந்தி வீட்டுக்காரருக்குச் சிலை! (சிரிப்பு)

மறுபக்கம் மூன்று கறுப்புப் பீடங்கள். அவற்றின் மேல் ஒன்றுமே இல்லை. வெறும் பீடம். கீழே பெயர் மட்டும் இருக்கிறது. ஹாரியட் டப்மன். ஃபிரெடரிக் டக்ளஸ். பெஞ்சமின் பேனக்கர். மூன்று பேரும் மேரிலேண்ட் மண்ணில் பிறந்த கறுப்பினத்தவர்.

டப்மன் அம்மா அடிமையாகப் பிறந்தவர். 1849-இல் தப்பி ஓடினார். ஓடினவர் ‘நான் பிழைச்சேன்’னு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பதின்மூன்று தடவை போல மேரிலேண்டுக்குத் திரும்பி வந்து, ஏறத்தாழ 70 பேரை விடுதலைக்கு அழைத்துப் போனார். டக்ளஸ் பால்டிமோர்க் கப்பல்துறையில் வேலை பார்த்த அடிமை. 1838 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலுமி வேஷம் போட்டு ரயில் ஏறித் தப்பினார். பின்னாளில் அமெரிக்காவே எழுந்து நின்று கேட்ட பேச்சாளர் ஆனார். நம்ம மாதிரி மேடை ஏறிப் பேசறவங்களுக்கெல்லாம் அவர் மூத்தவர்.

இந்தச் சொந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கழகத்தில் சிலை இல்லை. வில்சன் குற்றப்பத்திரிகை எதுவும் வாசிக்கவில்லை. மூன்று வெற்றுப் பீடத்தை வைத்தார், அவ்வளவுதான். அந்தக் காலிஇடம் கேள்வி கேட்டது.

அடுத்து வாருங்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி. ‘உலோக வேலைப்பாடு, 1793–1880’ என்று தலைப்பு. உள்ளே வெள்ளிக் கூஜா, வெள்ளிக் கோப்பை. பூவும் இலையுமாகப் புடைப்பு வேலை செய்து பளபளன்னு மின்னுகிறது. அந்த வெள்ளிக்கு நடுவில், கறுத்துப்போய், துருவேறி, ஒரு ஜோடி இரும்பு விலங்கு. மனுஷனுக்கு மாட்டின விலங்கு.

வேறொன்றும் இல்லை, நடுவர் அவர்களே. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதுவும் உலோகம், அதுவும் உலோகம். இரண்டும் அதே கழகத்தின் சொத்து. இத்தனை வருஷமும் ஒன்று ஷோகேஸில், ஒன்று பரணில். இரண்டையும் சேர்த்து வைத்த உடனே பார்க்கிறவனுக்குச் சுரீர்னு ஒன்று உறைக்கிறது. இந்த விலங்கு இல்லாமல் அந்த வெள்ளி வந்திருக்குமா? புகையிலைத் தோட்டத்தில் கூலியே இல்லாமல் வேலை செய்தவன் முதுகில்தானே அந்த விருந்து மேசை நின்றது?

தமிழில் ‘விலங்கு’ என்றால் இரண்டு பொருள். கையில் காலில் பூட்டுவதும் விலங்குதான், காட்டில் திரிகிற மிருகமும் விலங்குதான். அந்தக் காலத் தோட்ட முதலாளிகளின் சொத்துப் பட்டியலைப் பார்த்தால் மாடு இத்தனை, குதிரை இத்தனை, மனிதர்கள் இத்தனை என்று விலை போட்டு எழுதியிருக்கும். வில்சன் அந்த மாதிரிக் காகிதங்களையும் வெளியே எடுத்தார். மனிதனை விலங்கோடு சேர்த்து எண்ணி, மனிதனுக்கு விலங்கு பூட்டினான் ஒருவன். நான் கேட்கிறேன், அந்த இரண்டு பேரில் விலங்கு யார்? (பலத்த கைதட்டல்)

இது சின்ன விஷயம் இல்லை. அட்லாண்டிக் கடல் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மறுகரையில் உயிரோடு இறங்கியவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 7 லட்சம் பேர். நடுவில் குறைகிற 18 லட்சம் பேர் எங்கே? கடலுக்கு அடியில். மேரிலேண்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1864 நவம்பர் 1-ஆம் தேதி. அந்த வரலாற்றுக் கழகம் தொடங்கி 20 வருஷம் கழித்து! வெளியே சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே அதற்கு மட்டும் ஷோகேஸில் இடம் இல்லை.

அப்புறம் ‘மரச்சாமான் வேலை, 1820–1960’ என்று ஒரு தலைப்பு. நான்கு அழகான நாற்காலிகள். சாய்மானத்தில் செதுக்கு வேலை, மெத்தை வைத்துத் தைத்த இருக்கை. நான்கும் ஒரே பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது, கச்சேரி கேட்க உட்கார்கிற மாதிரி. எதிரே என்ன இருக்கிறது? ஒரு மரக் கம்பம், சிலுவை மாதிரி. பால்டிமோர் நகரச் சிறையில் ஆளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கப் பயன்பட்ட கம்பம். இருபதாம் நூற்றாண்டிலும் அது பயன்பட்டிருக்கிறது. நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போய் நின்றவர்களுக்கு, தாமே அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மாதிரி இருந்திருக்காதா?

இன்னொரு இடம். இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கம், குழந்தைகள் பார்க்கிற நிகழ்ச்சி. பழைய காலத்துக் குழந்தை வண்டி ஒன்று. உள்ளே குழந்தைக்கு விரிக்கிற வெள்ளைத் துணி இருக்கும்னு எட்டிப் பார்ப்போம். வெள்ளைத் துணிதான் இருக்கிறது. அது கூ கிளக்ஸ் கிளான் என்கிற வெள்ளை நிறவெறிக் கூட்டத்தார் முகத்தை மறைக்கப் போடுகிற முகமூடிக் குல்லாய். பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம். வெள்ளைக்காரக் குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற கறுப்பினத் தாதிகள்.

தாய்மார்களே, நீங்கள் யோசித்துப் பாருங்கள். தூளி ஆட்டி, தூங்க வைத்து, இடுப்பில் சுமந்து வளர்த்தவள் ஒருத்தி. அந்தக் கையில் வளர்ந்த பிள்ளை பெரியவனாகி அந்தக் குல்லாயைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கே தீ வைக்க வருகிறான். வெறுப்பு பிறக்கும்போதே வருவதில்லை, தொட்டிலிலேயே யாரோ கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதை ஒரு வண்டியையும் ஒரு துணியையும் வைத்துச் சொல்லிவிட்டார். நான் மேடையில் அரைமணி நேரம் தொண்டை கிழியப் பேசினாலும் இப்படிச் சொல்ல முடியாது. (கைதட்டல்)

இப்போது ஓவியங்களுக்கு வருவோம். அந்தக் கழகத்தில் 1710-ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த ஒரு ஓவியம் இருக்கிறது. ஹென்றி டார்னல் என்கிற பணக்கார வீட்டுப் பையன், கையில் வில்லோடு நடுநாயகமாக நிற்கிறான். அவனுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், செத்த பறவையைப் பிடித்துக்கொண்டு ஒரு கறுப்பினச் சிறுவன். அவன் கழுத்தில் உலோகப் பட்டை. நாய்க்குப் போடுவோமே, அந்த மாதிரி. ஓவியத்தின் பெயர் டார்னல் பையன் பெயர்தான். மற்றவன் பெயர் இல்லை.

இந்த மாதிரி ஓவியங்களில் வில்சன் என்ன செய்தார்? ஒரு தூசியைக்கூட மாற்றவில்லை. விளக்கை மட்டும் மாற்றினார். நீங்கள் நெருங்கினால் ஓரத்தில் நிற்கிற கறுப்பினக் குழந்தை மேல் வெளிச்சம் விழும். ஒரு குழந்தைக் குரல் கேட்கும். நான் உனக்கு அண்ணன் தம்பியா, சிநேகிதனா, இல்லை நீ வளர்க்கிற பிராணியா என்று அது கேட்கும். இன்னொரு ஓவியம், பண்ணை வீட்டுக் குடும்பம் வெளியில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுகிறது. அதற்குக் கழகத்தார் வைத்த பெயர் ‘கிராமத்து வாழ்க்கை’. வில்சன் இன்னொரு தலைப்புச் சீட்டு எழுதி வைத்தார்: ‘பழம் பரிமாறும் ஃபிரெடரிக்’. அவ்வளவுதான்! இத்தனை வருஷமாகப் பழத்தட்டோடு ஓரமாக நின்ற பையன் திடீரென்று படத்துக்கே கதாநாயகன் ஆகிவிட்டான்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய போட்டோ ஒன்று உண்டு. மூங்கில் நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் பாட்டி, கீழே பிள்ளைகள். ஓரத்தில் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நிற்பார், இடுப்பில் துண்டு கட்டி. படம் செல்லரித்துப் போகிறதே என்று ஸ்டூடியோவில் கொடுத்துப் புதுசாகப் போடச் சொன்னேன். ‘சார், ஃபிரேமுக்கு அகலம் ஜாஸ்தியா இருக்கு, ஓரத்துல கொஞ்சம் வெட்டிடட்டுமா?’ன்னார். ‘வெட்டிடுங்க’ன்னேன். படம் வந்தது, கூடத்தில் மாட்டினோம். பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ‘எங்கடா மாணிக்கத்தை?’ன்னார். ‘எந்தப் பாட்டி மாணிக்கம்?’னேன். ‘உங்க அப்பனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆறு தாண்டிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன்டா’ன்னார்.

(சிறிது மௌனம்)

அப்போ நான் முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன். கல்லூரியில் மனிதநேயம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெட்டச் சொன்னது நான். எங்க அப்பாவைப் படிக்கவைத்த தோளைக் கத்தரிக்கோலால் வெட்டினவன் நான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஃபிரேமில் இடம் இல்லை, அவ்வளவுதான். மேரிலேண்டில் நடந்தது வேறு, எங்கள் வீட்டில் நடந்தது வேறு, இரண்டையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். ஆனால் வரலாற்றில் மனிதர்கள் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ‘ஃபிரேமில் இடம் இல்லை’ன்னு சொல்லித்தான் போகிறார்கள். (கைதட்டல்)

எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். ‘பழைய புண்ணைக் கிளறினால் பகைதானே வளரும்?’னார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக அந்தக் கண்காட்சியின் முடிவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

விலங்கு, சவுக்குக் கம்பம், முகமூடி எல்லாம் பார்த்த கண்ணுக்குக் கடைசியில் வில்சன் எதைக் காட்டினார்? ஒரு நோட்டுப் புத்தகத்தை. பெஞ்சமின் பேனக்கர் கைப்பட எழுதிய வானியல் குறிப்பேடு அது. பேனக்கர் 1731-இல் பிறந்தவர். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அப்பாவுக்கு மகன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் புத்தகத்தையும் கருவியையும் இரவல் வாங்கி, தானாகவே வானியல் கற்றவர். கிரகணம் எப்போ வரும்னு கணக்குப் போட்டார். 1792 முதல் 1797 வரை அவர் கணித்த பஞ்சாங்கம் அச்சாகி விற்றது. 1791-இல் தாமஸ் ஜெபர்சனுக்கே கடிதம் எழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர் ஜெபர்சன். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். ‘எழுதினது ஒன்று, செய்கிறது ஒன்றாக இருக்கிறதே’ என்கிற பொருளில் மரியாதையோடு சுட்டிக்காட்டினார் பேனக்கர். கூடவே தன் பஞ்சாங்கக் கையெழுத்துப் படியையும் அனுப்பினார். வெறும் வாதம் செய்யவில்லை, அறிவையே சாட்சியாக அனுப்பினார். ஜெபர்சனும் பதில் எழுதினார்.

1806-இல் பேனக்கர் இறந்தார். அவரை அடக்கம் செய்துகொண்டிருந்த அன்றைக்கே அவர் வீடு தீப்பிடித்து எரிந்துபோனது. வீட்டில் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஆனால் அந்தக் குறிப்பேடு வேறு கைக்குப் போயிருந்ததால் தப்பியது. அதைத்தான் வில்சன் கடைசியில் வைத்தார். வாசலில் வெற்றுப் பீடமாக நின்ற மூன்றாவது பெயர் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பேனக்கர்தான். சிலை இல்லாத மனுஷனுக்கு நட்சத்திரங்களே இருந்தன.

விலங்கில் தொடங்கி விண்மீனில் முடிகிறது அந்தக் கண்காட்சி. இதுவா பகை? அழுகையை மட்டும் நினைவூட்டியிருந்தால் எதிரணி சொல்வது சரி. அழுகையை மறைத்தவர்கள் அதோடு சேர்த்து அறிவையும் அல்லவா மறைத்துவிட்டார்கள்! விலங்கை நாம் மறந்தால், விலங்கை உடைத்தவனையும் சேர்த்துத்தான் மறப்போம்.

எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வந்தவர்களிடம் கருத்து எழுதி வாங்கினார்கள். பாராட்டினவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. ஆனால் மக்கள் வந்தார்கள். 50,000 பேருக்கும் மேல் வந்தார்கள். முதலில் திட்டமிட்டதைவிடக் கூடுதல் நாள் நடத்த வேண்டியிருந்தது. 2003-இல் வெனிஸ் நகரத்தில் நடக்கிற உலகக் கலை விழாவுக்கு அமெரிக்கா தன் சார்பாக அனுப்பிய கலைஞர் இதே ஃபிரெட் வில்சன்தான். காயத்தைக் காட்டினவனை அந்த நாடு துரோகின்னு விரட்டவில்லை, தன் பிரதிநிதின்னு அனுப்பியது. நினைவு ஒரு சமுதாயத்தை வளர்க்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

‘இதெல்லாம் அமெரிக்காக் கதை, நமக்கென்ன?’ன்னு யாராவது நினைக்கலாம். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், அதற்குள் சொல்லிவிடுகிறேன். (சிரிப்பு)

நம்ம சென்னைக் கோட்டைக்கு 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹூ யேல். கோட்டைக்குள் இருக்கிற புனித மேரி ஆலயத்தில்தான் 1680-இல் அவர் திருமணம் நடந்தது. அவர் கொடுத்த நன்கொடைக்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு 1718-இல் அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் இன்றைக்கு யேல் பல்கலைக்கழகம். அவர் காலத்துச் சென்னைக் கடற்கரையில் துணி மூட்டையோடு மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 1688-இல் கோட்டை நிர்வாகமே அந்த ஏற்றுமதிக்குத் தடை போட வேண்டி வந்தது.

அந்த யேல் தன் குடும்பத்தாரோடு உட்கார்ந்திருக்கிற ஓவியம் ஒன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. 1719-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வரைந்தது. மேசையைச் சுற்றிப் பெரிய மனிதர்கள். ஓரத்தில் பணிவிடைக்கு ஒரு கறுப்பினச் சிறுவன். கழுத்தில் பூட்டுப் போட்ட உலோகப் பட்டை! பால்டிமோரில் பார்த்தோமே, அதே பட்டை. 2016-இல் டைட்டஸ் கேஃபர் என்கிற கறுப்பின ஓவியர் இதைத் தன் போக்கில் மறுபடி வரைந்தார். பெரிய மனிதர்கள் இருக்கிற பகுதியைக் கசக்கிச் சுருட்டிவிட்டார். அந்தச் சிறுவன் முகத்தைச் சுற்றி மட்டும் தங்கச் சட்டம் போட்டார். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டார். ‘உங்களைப் பற்றிப் பேசியது போதும்’ என்கிற பொருளில் பெயரும் வைத்தார். 2020-இல் அந்த மையம் பழைய ஓவியத்தைக் கழற்றிவிட்டு, கொஞ்ச காலம் கேஃபரின் ஓவியத்தை அதே இடத்தில் மாட்டியது. அந்தச் சிறுவன் யார் என்று ஆராய ஆட்களையும் அமர்த்தியது. பிறகு பழைய ஓவியத்தை அந்த விவரங்களோடு மறுபடி மாட்டினார்கள். மறைக்கவில்லை, எரிக்கவில்லை. விளக்கத்தோடு மாட்டினார்கள். அந்தச் சிறுவன் பெயர் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. 300 வருஷத்து மறதி அவ்வளவு ஆழமான மறதி.

அவன் நம்ம ஊர்ப் பிள்ளை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மேசைக்கு வந்த பணத்தில் நம்ம கடற்கரை மணல் ஒட்டியிருக்கிறது. அதனால் அந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துவிட்டேன், நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே, மறப்பது சுலபம். அதற்குப் பரணில் ஏற்றிவிட்டால் போதும். ஆனால் பரணில் ஏற்றினதெல்லாம் வீட்டை விட்டுப் போய்விடுகிறதா? நம்ம தலைக்கு மேலேயேதான் இருக்கிறது. பாரம் தாங்காத அன்றைக்கு இடிந்து தலையில் விழும். நாமே ஏணி வைத்து இறக்கி, தூசி தட்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டு, ‘இது இன்னது, இன்னாருடையது, இனிமேல் இப்படி நடக்கக் கூடாது’ன்னு சொல்லிவிட்டால் அது பாடம்.

எங்கள் வீட்டில் பழைய போட்டோவின் வெட்டின துண்டைத் தேடி அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. இப்போது தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுச் சட்டத்தை மாட்டியிருக்கிறேன். கீழே ‘மாணிக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். வருகிறவர்கள், ‘என்ன சார், படம் இல்லாம வெறும் ஃபிரேம் மாட்டியிருக்கீங்க?’ன்னு கேட்கிறார்கள். கேட்கட்டும். கேட்டால் உட்காரவைத்துக் கதையைச் சொல்கிறேன். அந்தக் கதையை என் பேத்தி இப்போது எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறாள்.

ஆகவே, ஒரு சமுதாயம் முன்னேறப் பெரிதும் துணைசெய்வது பழைய காயங்களை நினைப்பதே, நினைப்பதே என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)